"பார்ப்போம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்: கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கால்நடை மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற இலையுதிர் காலத்தில் என்னிடம் இருந்த 19 மாடுகளில் ஆறு நோயில் விழுந்தன. நான்கு தாமாகவே செத்தன. ஒன்று பிழைத்தது. ஒன்றை ஊசி போட்டு முடித்தோம். இந்த மடல் அந்தக் கடைசி மாட்டைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அது நோயில் விழுந்ததிலிருந்து ஊசி போட்டது வரை கழிந்த நான்கு நாட்களைப் பற்றியது. அந்த நான்கு நாட்களையும் ஒரே ஒரு சொல்தான் நகர்த்திக்கொண்டு போனது. உங்கள் தொழிலில் நீங்கள் அடிக்கடி சொல்லும் சொல் அது: "பார்ப்போம்."

யாரையும் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. வந்த மருத்துவரின் பெயரையும் எழுதப் போவதில்லை. நள்ளிரவில் மழையில் நனைந்துகொண்டு வந்தவர் அவர். என் மாட்டின் கழுத்து நரம்பில் நீர் ஏற்றும்போது, தன் மேற்சட்டையைக் கழற்றி மடித்து அதன் தலைக்கடியில் வைத்தவர். அப்படிப்பட்டவர் வாயிலிருந்துதான் அந்தச் சொல் மூன்று நாட்கள் வந்துகொண்டே இருந்தது. மனம் இரங்கத் தெரியாத ஒருவர் சொல்லியிருந்தால் நான் அதை நம்பியிருக்கவே மாட்டேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கோடையில் மழை பொய்த்தது. புல் தரையோடு ஒட்டிப் போயிற்று. மாடுகள் எலும்பும் தோலுமாக ஆகிவிடவில்லை. ஆனால் வயிறு நிறைந்து, கண்ணைப் பாதி மூடி, அசை போட்டுப் படுத்திருக்கும் மாட்டின் நிம்மதி எதனிடமும் இல்லை. அந்த நிலையில் ஓர் இரவு புயற்காற்று வீசியது. மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் பெரிய ஓக் மரங்கள் ஆறு நிற்கின்றன. நிழலுக்கென்று தலைமுறையாகக் காத்துவந்த மரங்கள். அந்த ஆண்டு அவற்றில் காய்ப்பு கொள்ளை கொள்ளையாக இருந்தது. ஓக் மரம் எல்லா ஆண்டும் ஒரே மாதிரி காய்க்காது. சில ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு ஓர் ஆண்டு கொட்டித் தீர்த்துவிடும். காற்று ஓய்ந்த காலையில் மரத்தடியில் மண்ணே தெரியவில்லை. எல்லாம் பச்சைக் கொட்டை. சிறுவர் படக்கதைகளில் அணில் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கொறிக்குமே, தலையில் தொப்பி வைத்தது போன்ற கொட்டை, அதேதான்.

மாடுகள் ஓடிப் போய்த் தின்றன. நான் வேலியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாடு அந்தக் கொட்டையைக் கடிக்கும்போது, சரளைக் கற்களின் மேல் யாரோ நடப்பது போல நறநறவென்று கேட்கும். பத்தொன்பதும் சேர்ந்து கடித்த ஓசை எனக்கு அன்று இனிமையாகத்தான் இருந்தது. செலவில்லாமல் பசியாறுகின்றனவே என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

அவற்றில் ஒன்றை நாங்கள் செவலை என்று கூப்பிடுவோம். காய்ந்த புல் கட்டை அவிழ்த்துப் போட்டாலும் அதைத் தாண்டிக்கொண்டு மரத்தடிக்குப் போவாள். ஒருமுறை ருசி கண்ட மாடு மற்றத் தீவனத்தை விட்டுவிட்டுக் கொட்டையைத் தேடிப் போகும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

ஐந்து நாட்கள் ஒன்றும் இல்லை. ஆறாம் நாள் காலையில் ஒரு மாடு கூட்டத்தை விட்டு விலகி, முதுகைக் கூனிக்கொண்டு தனியே நின்றது. அசை இல்லை. எப்போதும் வேர்த்திருக்கும் மூக்கு காய்ந்து வெடித்திருந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு முக்கி முக்கிப் போட்டது, ஆட்டுப் புழுக்கை போலக் கறுத்து இறுகிய உருண்டைகள். மேலே கண்ணாடித் தாள் சுற்றியது போலச் சளி. மறுநாள் அதுவே தார் போன்ற கழிச்சலாக மாறியது. அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. காய்ச்சல் இருக்கும் என்று நினைத்துக் காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது. அன்றிரவே செத்துவிட்டது.

நீங்கள் சரியாகச் செய்ததையும் சொல்லியாக வேண்டும். வந்த மருத்துவர், செத்த மாட்டை அறுத்துப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். எனக்கு மனமில்லை. செத்தது செத்துவிட்டது, இன்னும் எதற்குக் கத்தி என்று தோன்றியது. அவர் விடவில்லை. சிறுநீரகங்களைச் சுற்றி நீர் கோத்துக் கூழ் போலத் தளதளத்தது. சிறுநீரகங்கள் வெளிறி வீங்கி, குண்டூசியால் குத்தி எடுத்தது போலச் சிவப்புப் புள்ளிகளோடு இருந்தன. இரைப்பையைக் கிழித்தபோது கொட்டைத் தோடுகள் கொத்துக் கொத்தாக வந்தன. கையைக் கழுவிக்கொண்டே அவர் மரங்களைத் திரும்பிப் பார்த்தார். அன்று மாலையே எல்லா மாடுகளையும் வேறு பட்டிக்கு ஓட்டினோம். இன்று என்னிடம் இருக்கும் பதினான்கும் அந்தக் கத்தியால் பிழைத்தவை.

ஆனால் ஓட்டிய பிறகும் ஐந்து மாடுகள் அடுத்தடுத்து விழுந்தன. அதுதான் இந்த நஞ்சின் வஞ்சகம். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் இதைப் படிக்கும் மாடு வளர்ப்போருக்காக எழுதுகிறேன். ஓக்கின் கொட்டையிலும் இளந்தளிரிலும் டானின் மிகுதி. தோல் பதனிடுவதற்கு மரப்பட்டையிலிருந்து எடுக்கிறார்களே, அந்தத் துவர்ப்புப் பொருளின் இனம். பழுத்து நிறம் மாறிய கொட்டையைவிடப் பச்சைக் கொட்டையில் அது அதிகம். மாட்டின் அசையிரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அதை உடைக்கும்போது காலிக் அமிலம், பைரோகலால் போன்றவை உண்டாகின்றன. அவை இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தின் நுண்குழல்களை அழிக்கின்றன. குடலைப் புண்ணாக்குகின்றன. இதற்கு மாற்று மருந்து கிடையாது. நீர் ஏற்றலாம், எண்ணெய் கொடுத்து வயிற்றில் எஞ்சியதை வெளியே தள்ளலாம், அழிந்த குழல்கள் மீளுமா என்று காத்திருக்கலாம், அவ்வளவுதான். தின்ற பிறகு அறிகுறி தெரிவதற்குச் சில நாட்கள், சில சமயம் ஒரு வாரத்துக்கும் மேல் ஆகிறது. மாடு தலையைத் தொங்கப் போடும் காலையில், உள்ளே வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

இதே கொட்டை பன்றிக்கு நல்ல தீவனம். இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காட்டில் இலையுதிர் காலத்தில் பன்றிகளை அவிழ்த்துவிடும் பழைய உரிமை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பன்றிகள் பச்சைக் கொட்டையைத் தின்று தீர்க்கத் தீர்க்க, அங்கே மேயும் மட்டக்குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் ஆபத்து குறையும். மானின் உமிழ்நீரில் டானினைப் பிடித்துக் கட்டிப்போடும் புரதம் இருக்கிறது. ஆடும் ஓரளவு தாங்கும். பெரும்பாலும் மாட்டுக்குத்தான் இந்த விதி. இமயமலைச் சரிவுகளில் ஓக் தழையை வெட்டிப் போட்டு மாடு வளர்க்கிறார்கள். முற்றிய இலையைத் தின்று வாழும் மாட்டுக்கே வசந்த காலத்தின் இளந்தளிர் நஞ்சாகிவிடுகிறது. 1985ஆம் ஆண்டு வசந்தத்தில் வட கலிபோர்னியாவில் பருவம் தப்பிப் பெய்த பனி புல்லை மூடிவிட, ஓக் மொட்டுகளைத் தின்ற மாடுகள் பெருமளவில் மடிந்தன. எந்த ஊர்க் கதையைக் கேட்டாலும் மரத்துக்கு முன்னால் பசி வந்து நிற்கிறது. வயிறு நிறையக் காய்ந்த புல் தின்ற மாடு நான்கு கொட்டை கொறித்தால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். என் மாடுகள் பசியோடு போயின.

இனி அந்த நான்கு நாட்கள்.

முதல் நாள் செவலை நின்றுகொண்டுதான் இருந்தாள். மருத்துவர் இரத்தம் எடுத்துச் சென்று மாலையில் தொலைபேசியில் அழைத்தார். "கிரியாட்டினின் 11" என்றார். சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வடித்து வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு அது. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 2 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அதை நான் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரியாது. "அதிகமா?" என்று கேட்டேன். "கொஞ்சம் அதிகம்தான். நீர் ஏற்றுவோம். பார்ப்போம்" என்றார். கொஞ்சம் அதிகம்! அந்த "கொஞ்சம்" என்ற சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டாம் நாள் படுத்துவிட்டாள். அலைதாடியில் நீர் இறங்கி வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. ஓயாமல் மூத்திரம் போய்க்கொண்டிருந்தது, தண்ணீர் போல வெளிறிய மூத்திரம். அதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன் என்றால் நம்புவீர்களா? மூத்திரம் தாராளமாகப் போகிறது, சிறுநீரகம் வேலை செய்கிறது என்று நினைத்தேன். கழிவைப் பிரிக்கும் திறனை இழந்து வெறும் நீரைக் கொட்டிக்கொண்டிருக்கும் சிறுநீரகம் அது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அன்றைய கிரியாட்டினின் 14. "பார்ப்போம்."

மூன்றாம் நாள் பல்லைக் கடிக்கத் தொடங்கினாள். மாடு கத்தாது. கன்றைப் பிரித்தால் கத்தும், பசித்தால் கத்தும். வலிக்குப் பெரும்பாலும் கத்தாது. பகை விலங்கின் முன்னால் தன் நோவைக் காட்டிக்கொள்ளாமல் வாழ்ந்த இனம் என்பார்கள். அதனால் பல்லைக் கடிக்கிறது, முனகுகிறது, தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறது. அந்த நறநறப்பைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சில நாட்களுக்கு முன் மரத்தடியில் நான் ரசித்த அதே ஓசை.

வலிக்கு ஏதாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். வழக்கமாகக் கொடுக்கும் வலி மருந்துகள் பழுதான சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும், அதனால் தயங்குகிறேன் என்றார் மருத்துவர். நியாயமான தயக்கம்தான். ஆனால் எந்தச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதற்காக அந்தத் தயக்கம்? நோய்க்கு மருந்து இல்லை. வலிக்கு மருந்து கொடுக்க முடியவில்லை. எஞ்சியிருக்கும் வழி எதுவென்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவர் நான் வாய் திறப்பேன் என்று காத்திருந்தார். நான் அவர் வாய் திறப்பார் என்று காத்திருந்தேன். இருவருக்கும் நடுவே செவலை படுத்திருந்தாள்.

ஒரே பக்கமாகக் கிடந்தால் அடிப்பக்கத் தசை நசுங்கிச் செத்துவிடும் என்பதால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் சேர்ந்து அவளைப் புரட்டிப் போட்டோம். பகலில் காக்கை கண்ணைக் கொத்த வரும் என்று முகத்தில் சாக்கைப் போர்த்தினேன். சாக்கை எடுக்கும்போதெல்லாம் என்னைப் பார்ப்பாள். ஒரு முறை, அந்த நிலையிலும், என் சட்டைக் கையை நக்கினாள். நாக்கில் புண். உப்புக்காகத்தான் நக்கியிருப்பாள். அதற்குமேல் பொருள் கற்பிக்க நான் விரும்பவில்லை.

நான்காம் நாள் அந்த மருத்துவருக்கு வேறெங்கோ அவசரம். அவருக்குப் பதில் ஓர் இளம் மருத்துவர் வந்தார். வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகியிருக்காது. சேற்றில் மண்டியிட்டு, கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். வாயருகே குனிந்து மூச்சை முகர்ந்தார். மூன்று நாள் இரத்த அறிக்கைகளையும் வரிசையாகத் தரையில் வைத்துப் பார்த்தார். எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "ஐயா, இந்த மாடு இனி எழாது. சிறுநீரகம் போய்விட்டது. இன்றே முடித்துவிடுவதுதான் நல்லது. நீங்கள் சரி என்றால் இப்போதே செய்கிறேன். யோசிக்க வேண்டும் என்றால் வண்டியில் காத்திருக்கிறேன்."

எனக்கு அழுகை வந்தது. கூடவே நிம்மதியும் வந்தது. யோசிக்க நேரம் கேட்கவில்லை.

என்ன நடக்கும் என்பதை அவர் முன்கூட்டியே சொன்னார். முதலில் மயக்க ஊசி, பிறகு கழுத்து நரம்பில் பென்டோபார்பிட்டால். கண் மூடாது, திறந்தபடியே இருக்கும். கடைசியில் ஒரு பெருமூச்சு வரலாம், கால் உதறலாம், அப்போது அவளுக்கு நினைவிருக்காது, பயப்பட வேண்டாம் என்றார். சொன்னபடியே நடந்தது. என் தொடைமேல் இருந்த தலை கனத்தது. அவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். விரல் நுனியால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார். இமை அசையவில்லை. "முடிந்தது" என்றார். அதற்குப் பிறகும் போய்விடவில்லை. அந்த மருந்து உடலிலேயே தங்கியிருக்கும், நாயோ கழுகோ தின்றால் அதுவும் சாகும், அதனால் ஆழமாகப் புதைக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும், அதுவரை மூடி வையுங்கள் என்று சொல்லி, தார்ப்பாய் விரிக்க அவரே ஒரு முனையைப் பிடித்தார்.

வந்ததிலிருந்து போகும் வரை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த ஒரு மணி நேரம் முதல் நாளே வந்திருக்கக் கூடாதா என்று கேட்கமாட்டேன். இரண்டாம் நாள் வந்திருக்கலாம். இரண்டாம் நாள் 11 என்பது 14 ஆகி, மாடு படுத்து, நீர் கோத்துவிட்ட பிறகு நாம் எதைப் பார்க்கக் காத்திருந்தோம்?

நீங்கள் ஏன் பார்ப்போம் என்கிறீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. செவலை விழுந்த அதே நாளில் ஒரு கிடேரியும் விழுந்தது. அது பிழைத்தது. முதல் நாளே முடித்துவிடலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதுவும் போயிருக்கும். பிழைக்கும் மாட்டைக் கொன்றுவிடுவோமோ என்ற அச்சம் உங்களுக்கு உண்டு. அது உங்களுக்கு இருந்தே ஆக வேண்டும். ஆனால் அந்தக் கிடேரியின் கதை வேறு. அதன் கிரியாட்டினின் 5இல் தொடங்கியது, மூன்றாம் நாள் 4 ஆனது. இரண்டாம் நாள் மாலையே ஒரு வாய்ப் புல்லை இழுத்தது. படுத்தாலும் தானாக எழுந்தது. ஒரே கொட்டகையில், ஒரே நாளில், இரண்டு மாடுகளின் எண்களும் எதிரெதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தன. உங்கள் கையில் இருந்த தாள்களில் அது எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் எழுதியிருந்தது.

மாட்டுக்காரர்களின் குற்றமும் உண்டு. "என்னவாவது செய்யுங்கள்" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். உண்மையைச் சொன்ன மருத்துவரை "மனசாட்சி இல்லாதவர்" என்று பேசுகிறோம். ஊசி போட்டவர் மறுநாள் இன்னொரு வீட்டில் இன்னொரு மாட்டுக்கு ஊசி போடப் போக வேண்டும் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. சிலருக்கு மத நம்பிக்கை தடுக்கும், சில இடங்களில் சட்டம் கையைக் கட்டும். ஆனால் சட்டத்தையே எடுத்துக்கொண்டாலும், இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, ஒரு விலங்கை உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகிவிடும் நிலை ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, அவசர நிலையில் விலங்கை இயன்ற விரைவில் முடிப்பதற்கு வேண்டியதைச் செய்யும் கடமையை, வளர்ப்பவர் தலையிலேயே வைக்கிறது. இயன்ற விரைவில். நான்கு நாட்கள் அதில் அடங்காது.

அப்படியானால் என்ன கேட்கிறேன்?

முதலில், எண்ணைச் சொன்னால் பொருளையும் சொல்லுங்கள். "11, இருக்க வேண்டியது 2. இந்த அளவில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. நாளை இது இறங்கவில்லை என்றால் நம்பிக்கை இல்லை." இவ்வளவுதான். மாடு வளர்ப்பவன் கணக்குத் தெரிந்தவன். பால் கணக்கும் தீவனக் கணக்கும் பார்க்கிறவனுக்கு இது புரியாமல் போகாது.

இரண்டாவது கோரிக்கைக்காகத்தான் இந்த மடலே. முதல் நாளே ஒரு கோடு போடுங்கள். நோய் தொடங்கிய அன்று, மாடு இன்னும் நின்றுகொண்டிருக்கும்போதே, என்னையும் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்: நாளை மாலைக்குள் தீவனத்தைத் தொடவில்லை என்றால், எழ முடியாமல் போய்விட்டால், இரத்தத்தில் அளவு ஏறினால் முடித்துவிடுவோம் என்று. அதை ஒரு தாளில் எழுதிக் கொட்டகைக் கதவில் ஒட்டிவிட்டுப் போங்கள். மாடு நிற்கும்போது எடுக்கும் முடிவில் தெளிவு இருக்கும். மாடு நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்போது முடிவே வராது, ஆசைதான் வரும். நான்காம் நாள் காலையில்கூட அவள் காதை அசைத்தாள் என்பதற்காக நான் வீட்டுக்குள் ஓடி எல்லோரையும் எழுப்பினேன்.

மூன்றாவது, பேச்சை நீங்களே தொடங்குங்கள். எங்களால் முடியாது. நான் வாய் திறந்து, "முடித்துவிடலாமா?" என்று கேட்டிருந்தால், மருத்துவச் செலவுக்கு அஞ்சிக் கேட்கிறான் என்று நினைப்பாரோ என்ற கூச்சம் எனக்கிருந்தது. உண்மையில் செலவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், ஏன் மறைக்க வேண்டும்? உங்கள் வாயிலிருந்து வந்தால் அது மருத்துவ ஆலோசனை. என் வாயிலிருந்து வந்தால் அது துரோகம் போலக் கேட்கிறது. "கருணைக் கொலை" என்ற சொல்லையெல்லாம் தேட வேண்டாம். அது தாளில் எழுதுவதற்கான சொல். சேற்றில் நின்றுகொண்டு யாராலும் அதைச் சொல்ல முடியாது. அந்த இளம் மருத்துவர் சொன்ன "முடித்துவிடலாம்" போதும்.

இன்னொன்று. நீங்கள் வந்து சேரவே முடியாத இடங்களில் மாடு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கியோ, மண்டையில் அடிக்கும் போல்ட் கருவியோ சட்டப்படி வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் சரியான முறையைக் கற்றுக்கொடுங்கள். இரண்டு கண்களுக்கும் நடுவே குறி வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. மாட்டின் மூளை அதற்கும் மேலே இருக்கிறது. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் எதிர்ப்பக்கக் கொம்பின் அடிக்கு ஒரு கோடு போட்டால் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் என்று நீங்கள்தான் படம் வரைந்து காட்ட வேண்டும். போல்ட் கருவியால் அடித்தால் மாடு நினைவிழக்கும், ஆனால் சாவை உறுதிப்படுத்த இன்னொரு படி வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். அரைகுறையாகத் தெரிந்தவன் கையில் கருவி இருப்பதும் மாட்டுக்குக் கொடுமைதான். தனக்குத் தெரியாது என்று ஒதுங்கிப் போய், ஒருவாரம் சாக விடுவதும் கொடுமைதான்.

கொட்டை காய்க்கும் பருவத்தில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? "இந்த ஆண்டு ஓக்கில் காய்ப்பு அதிகம். காற்றடித்தால் மாடுகளை மரத்தடிக்கு விடாதீர்கள். பசியோடு மேய்ச்சலுக்கு அனுப்பாதீர்கள்." அம்மை நோய்க்கும் கோமாரிக்கும் தடுப்பூசி முகாம் என்று செய்தி வருகிறது. மரத்தைப் பற்றி ஒரு வரி வந்ததில்லை. வந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

முதலில் வந்த மருத்துவரை அண்மையில் பார்த்தேன். செவலையைப் பற்றி அவரே கேட்டார். "நான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் தாங்க மாட்டீர்கள் என்று நினைத்துவிட்டேன்" என்றார். நான் தாங்கியிருப்பேனா என்பது எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அவரிடம் இந்த மடலின் படியைக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இந்த ஆண்டு ஆறு மரங்களிலும் காய்ப்பு குறைவு. ஆனாலும் சுற்றி மின்வேலி போட்டுவிட்டேன். காலையில் காய்ந்த புல்லைக் கொட்டி, மாடுகள் தின்று முடித்த பிறகுதான் பட்டியைத் திறக்கிறேன். பிழைத்த கிடேரி மட்டும் புல்லைப் பாதியில் விட்டுவிட்டு நேரே வேலிக்குப் போகிறது. கம்பிக்கு ஒரு முழம் முன்னால் நின்று, மூக்கை நீட்டி, மரத்தடியில் விழுந்து கிடக்கும் நாலைந்து கொட்டைகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. தினமும் போய்த் திருப்பி ஓட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பதினான்கு மாடுகள் வைத்திருக்கும் ஒருவன்